வரிசையின் கடைசிக் கண்ணி

அண்ணி,

புது நூல்கண்டுக்கென்று ஒரு மணம் உண்டு. போன வாரம் ஈப்போ டவுனில் ஒரு கடைக்குள் நுழைந்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது, உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் நினைவாக ஏதாவது பின்னலாம் என்று கொக்கி ஊசியும் வெள்ளை நூலும், குரோஷே பின்னல் குறிப்பை இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்றும் வாங்கி வந்தேன். வாங்காமலே இருந்திருக்கலாம்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்திலிருந்து குனோங் ராபாட் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இங்கிலீஷ் ஓடாது. மத்தியானங்களில் நீங்கள் குறிப்பைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் பின்னுவேன். உங்கள் துணி சதுரமாக வளரும். என்னுடையது மேலே போகப் போக ஒடுங்கும். நூலை இறுக்குகிறேனோ என்று தளர்த்திப் பார்த்தேன். பிரித்துப் பிரித்து மறுபடி போட்டேன். அப்போதும் ஒடுங்கியது.

அந்தத் தீபாவளிக்கு வந்த விருந்தாளிகளிடம் நான் பின்னிய டிவி உறையைத் தூக்கிக் காட்டினீர்கள். "இங்க பாருங்க, தம்பி பொண்டாட்டி பின்னுனது. கூடாரம் மாதிரி இருக்குல்ல? பால்மரம் வெட்டுன கைக்கு இதெல்லாம் வராதுலா!" எல்லாரும் சிரித்தார்கள். முறுக்குத் தட்டை ஏந்திக்கொண்டு நானும் சிரித்துவைத்தேன். மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவிய கை இது என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. அதோடு ஊசியை விட்டேன். பிறகு யார் பின்னல் பேச்சை எடுத்தாலும், "எனக்குக் கை வராது" என்று நானே முந்திக்கொள்வேன்.

இப்போது எழுத்துக்கூட்டி நானே படிக்கிறேன். புரியாத சுருக்கங்களைப் போனில் தேடிக்கொள்கிறேன். வரிசைத் தொடக்கத்தில் போடும் மூன்று சங்கிலிப் பின்னலும் சேர்ந்து ஒரு கண்ணிக்குச் சமமாம். அடுத்த வரிசை முடியும்போது, அந்தச் சங்கிலியின் உச்சியில் ஊசியை விட்டுக் கடைசிக் கண்ணியைப் போட வேண்டுமாம். அதைத் தவறவிட்டால் வரிசைக்கு ஒரு கண்ணி குறைந்துகொண்டே போகும். இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் எனக்குப் படித்துக் காட்டியதே இல்லை.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். "அக்கா மறந்திருப்பாங்க. போனவங்கள பத்தி இப்ப எதுக்கு?" என்றார். மறந்தவருடைய துணி ஒரு தடவையாவது ஒடுங்கியிருக்க வேண்டாமா, அண்ணி?

உங்கள் சாவு வீட்டில் விழுந்து விழுந்து அழுதவள் நான். அந்த அழுகையில் பொய் இல்லை. அதனால்தான் இப்போது இத்தனை ஆத்திரம் வருகிறது. எதிரே நிறுத்தி ஏன் என்று கேட்கவும் நீங்கள் இல்லை.

நேற்று ஒரு துணியை முடித்தேன். மேசையில் விரித்துப் பார்த்தேன், ஓரம் கொஞ்சமும் சாயவில்லை. இத்தனை தெரிந்த பிறகும் எனக்கு முதலில் தோன்றியது, இதை உங்களிடம் காட்ட வேண்டும் என்பதுதான்.