ஈறில் தொடங்கிய விசாரணை

ஆகஸ்ட் 12

அன்புள்ள தங்களுக்கு,

1. இதை எழுதுபவன் பொடிசின் தகப்பன். தொழிலால் வழக்கறிஞன். தங்களோடு ஒரே வீட்டில் வாழ்வதை நிறுத்திக்கொண்டவன்; சட்டப்படி இன்றும் தங்கள் கணவன்.

2. நேரில் பேசினால் சண்டையில் முடிவதால், குழந்தை தொடர்பான எதையும் எழுத்திலேயே பரிமாறிக்கொள்வதென நாம் இருவரும் ஒப்புக்கொண்டபடி இதை எழுதுகிறேன். குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே தரலாம்.

3. நேற்று ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்காக வந்த என்னைத் தங்கள் அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, "காய்ச்சல், வாயெல்லாம் புண்ணு. இன்னைக்கு வேணாம் மாப்ள" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

உள்ளே அவள் அழுவது கேட்டது. அடம் பிடிக்கும்போது தெருமுனைவரை கேட்கும்படி அழுகிறவள். நேற்றைய அழுகை வாயைத் திறக்கவே பயந்து, மூக்கால் வந்துகொண்டிருந்தது. படி இறங்கியும் தெருவைக் கடக்க மனம் வராமல் நின்றிருந்தேன்.

காரணம் குறித்து எனக்கொரு ஐயம் உண்டு. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் தங்கள் அண்ணி. முன்பொரு முறை அவர் புட்டியில் ஊற்றிய பாலில் ஆவி பறந்ததை நான் கண்ணால் கண்டேன். ஆகவே: பாலை ஆற்றிய பின்தான் கொடுக்கிறார்களா? புண் வருவதற்கு முன் கடைசியாகக் கொடுத்தது என்ன, கொடுத்தவர் யார்? குற்றம் சாட்டுவது நோக்கமன்று. காரணம் தெரிந்தால்தான் நிவாரணம் தெரியும்.

இப்படிக்கு,
பொடிசின் அப்பா


ஆகஸ்ட் 13

அன்புள்ள உங்களுக்கு,

'தாங்கள்' என்று எழுத எப்போது கற்றுக்கொண்டீர்கள்? கல்யாணமான நாளிலிருந்து 'நீ' என்று இருந்தவள், அண்ணன் வீட்டுக்கு வந்ததும் கட்சிக்காரி ஆகிவிட்டேனா?

குழந்தையைச் சொல்கிறேன். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது. ஈறு முழுதும் வீங்கிச் சிவந்து, துணி பட்டாலே ரத்தம் கசிகிறது. நாக்கிலும் உதட்டின் உள்பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புண். எச்சில் ஒழுகிச் சட்டை நனைந்துகொண்டே இருக்கிறது. கரண்டியைக் கண்டாலே இரண்டு கையாலும் வாயை மூடிக்கொள்கிறாள். தெருக்கோடி டாக்டர், கையிலும் காலிலும் கொப்புளம் வரும், பாருங்கள் என்றார். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கண் பார்க்கும் விளக்கைக் கொண்டுவந்து உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை.

இனி உங்கள் கடிதத்தின் பலனையும் கேளுங்கள். மேஜை மேல் வைத்திருந்தேன். அண்ணன் எடுத்து உரக்கப் படித்துவிட்டான். அடுப்படியில் இருந்த அண்ணி கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"நான் ஆத்தாம குடுப்பனா? ரெண்டு பிள்ளைய வளத்த கை இது. இனிமே வக்கீல் ஐயாவே வந்து வாய்தா வாங்கி, வாய்தா வாங்கி ஆத்திக் குடுக்கட்டும்!"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு குழந்தை பக்கமே போகவில்லை. அவள் இல்லையென்றால் நான் வேலைக்குப் போக முடியாது. உங்களுக்குத் தெரியாததா?

இப்படிக்கு,
உங்கள் கட்சிக்காரி


ஆகஸ்ட் 15

அன்புள்ள உங்களுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை தூங்குகிறாள். நேற்று ஒரு சொட்டும் இறங்கவில்லை, மூத்திரமும் போகவில்லை. தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம். கையில் ஊசி குத்தி நீர் ஏற்றுகிறார்கள்.

இங்கே குழந்தைகள் டாக்டர் ஒரு அம்மா. வந்ததும் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தை தானாக வாயைத் திறந்து கொட்டாவி விடும்வரை காத்திருந்து பார்த்தார். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிறவள் நான்; அப்படிப் பார்க்கிற ஒருவரை இதுவரை பார்த்ததில்லை.

"சூடான பாலா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். உங்களுக்காகத்தான் கேட்டேன்.

"பால் சுட்டா சுட்ட இடத்துலதாம்மா புண்ணு இருக்கும். காய்ச்சல் வராது. ஈறு இப்படி மொத்தமா வீங்காது. இது ஒரு கிருமி. பெரியவங்களுக்கு உதட்டோரத்துல கொப்புளமா வரும், அவங்க பெருசா எடுத்துக்க மாட்டாங்க. அதோட குழந்தைக்கு முத்தம் குடுத்தா, முதல்தடவ பிடிக்கிற குழந்தைக்கு இப்படிப் படுத்தி எடுத்துரும். வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கில்லை, அண்ணனுக்கில்லை. அப்போது அண்ணன் வாய் சும்மா இருக்காமல், "போன மாசம் உனக்கு உதடு வெடிச்சிருந்துச்சே" என்றான் அண்ணியிடம். அது வறட்சியில் வெடித்தது, எல்லாருக்கும் தெரியும். அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். இன்று காலை, இங்கே கொண்டுவந்த துணியைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், இங்கிருந்தே அவள் அம்மா வீட்டுக்குப் போக. ஒரே குழந்தை விஷயத்தில் இரண்டு தரம் பழி என்றால் யார்தான் இருப்பார்கள்?

உங்களுக்கு இருந்ததா என்று நான் கேட்கவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தும் குழந்தை உங்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததே இல்லையே. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் கிருமி புண் ஆறினாலும் போகாதாம். காதுக்கு முன்னால் ஏதோ ஒரு நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொண்டு, ஆயுள் முழுக்கத் தூங்குமாம். எப்போதாவது எழுந்து உதட்டுக்கு வருமாம். கேட்டதிலிருந்து குழந்தையின் காதோரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

இப்படிக்கு,
நான்தான்


ஆகஸ்ட் 15, மாலை

அன்புள்ள உனக்கு,

இது கடிதமாகவும் வாக்குமூலமாகவும் கொள்ளத்தக்கது. உன் அண்ணியும் அண்ணனும் இருக்கும்போது உரக்கப் படிக்கக் கோருகிறேன்.

குழந்தைக்கு நோயைக் கொடுத்தவன் நான்.

காய்ச்சல் வந்ததற்கு முந்தைய ஞாயிறு, என் மேலுதட்டின் வலது ஓரத்தில் ஒரு கொப்புளம் இருந்தது. மீசை மறைத்ததால் உங்களில் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். சிறுவயதிலிருந்து எப்போதாவது வந்து போவது. அதை நான் ஒரு நோயாகவே எண்ணியதில்லை. முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். பொடிசு வழக்கம்போல் கதவுத் திரைக்குப் பின்னால் இருந்தாள், கால்கள் மட்டும் தெரிந்தன. தொலைபேசி அடித்து நீ எழுந்து போனாய்.

திரை விலகியது. அவள் நேராக வந்து என் முழங்காலில் கை வைத்து ஏறினாள். என்னை அல்ல, என் உதட்டைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். சற்று வலித்தது, முகம் சுளித்துவிட்டேன் போலும். உடனே, அவள் விழுந்து எழும்போதெல்லாம் நீ செய்வாயே, அதைச் செய்தாள். ஊ என்று ஊதினாள். பிறகு அந்தப் புண்ணின் மேலேயே வாயை வைத்து அழுத்தி ஒரு முத்தம். "போச்சு" என்றாள். இறங்கித் திரைக்குள் போய்விட்டாள்.

நீ திரும்பி வந்து, "இன்னைக்கும் வரலையா?" என்று கேட்டாய். நான் இல்லையென்று தலையசைத்தேன். அது உண்மைக்குப் புறம்பானது. சொல்லியிருந்தால், வரப்போகும் மணப்பிரிவு ஒப்பந்தத்தில் அது எனக்குச் சாதகமான ஒரு பத்தியாகியிருக்கும். என் தரப்பு வழக்கறிஞரே அதை விட்டுவைத்திருக்க மாட்டார். அந்த முத்தம் ஒரு வாதமாகிவிட எனக்கு மனமில்லை. அவ்வளவே.

நான் பாலைச் சந்தேகித்தேன், உன் அண்ணியின் கையைச் சந்தேகித்தேன். என் தொழிலில் காரணம் என்று தேடினால் கடைசியில் ஓர் அலட்சியமோ ஒரு பேராசையோ கிடைக்கும். இங்கே கிடைத்தது அவளுடைய இரக்கம். பேச்சு முழுதாக வராத குழந்தை, அந்நியனாக எண்ணிய ஒருவனின் புண்ணை ஆற்றிவிடலாம் என்று நம்பி வந்து, அந்தப் புண்ணைத் தன் வாயில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இதை எந்தப் பிரிவின் கீழ் வைப்பது?

இன்னொன்று. இதை நிரூபிக்க இயலாது. ஆகவே வாக்குமூலத்தின் பகுதியாகக் கோரவில்லை. எனக்கும் இது யாரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள் என்பதும், விடுதிகளில் வளர்ந்தவன் என்பதும் நீ அறிந்ததே. அவளுடைய நிழற்படம்கூட என்னிடம் இல்லை. என்னை யாராவது முத்தமிட்டிருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது கண்ணாடி முன் நின்று காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்க்கிறேன். யாரோ முத்தமிட்டிருக்கிறார்கள். அது இத்தனை காலம் இங்கேயே படுத்திருந்திருக்கிறது.

உன் அண்ணியிடம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கோருகிறேன். அவர் பையைப் பிரித்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பை ஒப்பந்தத்திலிருந்து நீ நீக்கக் கோரினால் எதிர்க்க மாட்டேன். குழந்தை ஒரு வாய் குடித்தாள் என்ற செய்தியை மட்டும் குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பு. அவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருப்பார்.

மேற்கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை.

பொடிசின் அப்பா


ஆகஸ்ட் 17

அன்புள்ள உங்களுக்கு,

குடித்தாள். குமாஸ்தா ஓடிவந்து சொல்லியிருப்பார். ஆனாலும் எழுத்தில் வேண்டுமென்பீர்கள். குளிர்ந்த பால், அரை டம்ளர். கண்ணை இறுக்க மூடி விழுங்கி, ஒவ்வொரு வாய்க்கும் பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு குடித்தாள். ஈறு வெளுத்து வருகிறது. நாளை வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

பாலை ஆற்றியது அண்ணி. உங்கள் கடிதத்தை அண்ணன் படிக்கப் படிக்க, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். முத்தம் வந்த இடத்தில், "நிறுத்து, அத மறுபடி படி" என்றாள். மறுபடி படித்தான். "பாவி மனுஷன், இத வெளிய சொல்லாம பத்து நாளா வயித்துக்குள்ளயே வச்சிருந்திருக்காரே" என்று அழுதாள். பிறகு, "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், கேள்வி கேட்டு எழுதுனாரே, அதுக்கு ஒருநாள் வச்சிருக்கேன்" என்றாள். பை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

டாக்டரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். யார் மேலும் தப்பில்லை, ஊரில் பாதிப் பேருக்கு மேல் இதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள் என்றார். உதட்டில் கொப்புளம் இருக்கும்போது நீங்கள் கிட்டே வரக்கூடாது, அவ்வளவுதான். அப்புறம், குழந்தையையும் பழக்க வேண்டுமாம்: யாருடைய புண்ணையும் முத்தமிடக் கூடாது என்று.

நேற்று அதைச் சொல்ல உட்கார்ந்தேன். ஊசி குத்திய கையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள், ஊது என்று. ஊதினேன். அவளும் சேர்ந்து ஊதினாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

வாதாடத் தெரிந்தவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நீங்களே சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

சாட்சிகள்:
1. அண்ணி (படித்துப் பார்த்து, சம்மதித்து)
2. அண்ணன் (அண்ணி சொன்னபடி)