இடது காலோடு ஒரு சண்டை

ஜன. 18, ஞாயிறு. எத்தாளை

காற்று இன்றைக்கு இல்லை. பூசை முடிந்து வந்ததும் முதல் வேலை, விமானக் கொக்பிட் படத்தை அலுமாரிக் கதவில் ஒட்டியது. நான்கு துண்டுக் காகிதம், ஆளுயரம். பசை போதாமல் கோதுமை மாக்கூழ் காய்ச்சி ஒட்டினேன். இப்போது கதவு திறக்க முடியாது. அம்மா: "என்ர சாறி முழுக்க உன்ர பிளேனுக்குள்ள மாட்டிப்போச்சு."

வகுப்பு 26ஆம் திகதி தொடக்கம். பாடமாக்க வேண்டியவை:
– எஞ்சின் நின்றால் முதலில் செய்ய வேண்டியவை (வரிசை மாறக்கூடாது)
– எஞ்சினில் தீ
– புகை, முகமூடி
– வேகம், எடை. வெறும் இலக்கங்கள். எரிச்சல்.

பைலட் லைசன்ஸ் எடுத்து ஐந்து வருடம். எடுத்த கையோடு கொம்பனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின, பிறகு பொருளாதாரம் விழுந்து நாடே நின்றது. அந்த ஐந்து வருடமும் அப்பாவின் மீன்பிடிப் போட்டில். அவருடைய வலது தோள்மூட்டு போனதிலிருந்து எஞ்சினில் நான், வலையில் அவர். இப்போதுதான் ஒரு கொம்பனி கூப்பிட்டிருக்கிறது. விடுவேனா?

கோயில் வாசலில் மெற்றில்டா அன்ரி, பத்துப் பேர் கேட்க: "பிள்ளை, நீ ஓட்டுற பிளேன் எதெண்டு முதலே சொல்லிப்போடு. நாங்க வேற பிளேனில போவம்." எல்லோருக்கும் சிரிப்பு.
"நீங்க முதல் பாஸ்போர்ட்டை எடுங்கோ அன்ரி" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினா. இன்னும் சிவப்பாக இருக்கிறது. பரவாயில்லை, திரும்பவும் சொல்வேன்.

ஜன. 23, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து மதுரங்குளியிலிருந்து ரிஸ்வான் மோட்டார் சைக்கிளில் வந்தான். என்னோடு சேர்ந்து கொம்பனிக்கு எடுபட்டவன். சிமுலேட்டரிலும் அவன்தான் எனக்குச் சோடி. அலுமாரிக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்து, காகிதச் சுவிட்ச்சுகளைத் தொட்டுத் தொட்டுச் சொன்னோம். வாசல் கதவு விரியத் திறந்து இருந்தது. அம்மா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தா. மூன்று மணித்தியாலம் உரித்தா. வீட்டில் அவ்வளவு வெங்காயம் இருப்பது இன்றுதான் தெரியும்.

ரிஸ்வான் போகும்போது, அம்மாவைக் காட்டி: "அன்ரிக்கு எஞ்சின் தீ வரிசை பாடமாயிட்டு. அவங்கள அனுப்பிட்டு நாம வீட்டுல இரிப்பமா?"

பெப். 14, சனி

சிலாபத்தில் மாமி வீட்டில் தங்கி மூன்று கிழமை. (மாமி, அப்பாவின் தங்கச்சி. தையல் கடை, வாய் ஓயாது.) காலை நாலேமுக்கால் பஸ்ஸில் வகுப்புக்கு. எழுத்துப் பரீட்சையில் முதலாவது நான். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

வெள்ளி பின்னேரம் எத்தாளைக்கு வந்துவிடுவேன். சனி விடிய அப்பாவோடு கடல். அந்தத் தோளோடு அவரால் தனியாக முடியாது, கிழமை நாளில் போட் கரையில்தான். இன்றைக்கு வலையில் கும்பிளாவும் கொஞ்சம் பாரையும். உடம்பெல்லாம் நோவு. ஆனால் கடலில் எனக்கு ஒருவரும் வகுப்பு எடுப்பதில்லை, அது நிம்மதி.

பெப். 19, வியாழன்

கேவலம்.

சிமுலேட்டர் நான்காம் நாள். ஓடுபாதையில் வேகம் எடுத்து மூக்கைத் தூக்கியதும், பயிற்சி தரும் கெப்டன் இடது எஞ்சினை நிறுத்தினார். மூக்கு இடது பக்கம் இழுக்கும். வலது பெடலை மிதிக்க வேண்டும். குழந்தைக்கும் தெரியும். நான் இடதை மிதித்தேன். முழுப் பலத்தோடு. விமானம் புரண்டது, திரை சிவந்தது. செத்தோம்.

மறுபடி. மறுபடியும் இடது. மூன்றாம் முறை சரி, ஆனால் முதலில் இடது கால் துடித்ததை அவர் கண்டுவிட்டார். கேட்டால் சரியாகச் சொல்கிறேன். எழுதச் சொன்னால் படம் போட்டு எழுதுவேன். கால் மட்டும் வேறு யாருடையதோ.

ஐந்து வருடத்துக்கு முன் சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் இதையே பத்துத் தரம் செய்து பாஸ் எடுத்தவள் நான். அப்போது வராத பிழை எங்கிருந்து வந்தது?

பெப். 20, வெள்ளி

இன்றும் ஒரு தரம் கால் பிழை விட்டது.

கெப்டன் தனியே கூப்பிட்டார். பேசியது இங்கிலிசில். "சிலருக்குக் கால் வராது. அது குற்றம் இல்லை. சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று ஒரு கடிதம் தந்தால் ஃபைலில் தோல்வி என்று விழாது. உன் நன்மைக்குச் சொல்கிறேன்." வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். பேனாவும் வைத்தார், மகராசன்.

நான் சொன்னது: "தோல்வி என்று போட வேண்டுமானால் நீங்கள் போடுங்கள், சேர். நான் எழுதித் தர மாட்டேன்."

அவர் முகம் கறுத்தது. அடுத்த வெள்ளி செக், கடைசிச் சோதனை. அதில் பிழை விட்டால் வீட்டுக்கு. இரண்டாம் சந்தர்ப்பம் கிடையாது.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். அவருக்கு முன்னால் அழவில்லை, அது போதும்.

பஸ்ஸில் ரிஸ்வான் மெதுவாகச் சொன்னான்: "எனக்கிட்டயும் கேட்டாரு, வேற சோடி வேணுமா எண்டு. மாட்டன் எண்டுட்டன்." ஏன்டா என்றேன். "புதுசா ஒராளுக்கு ஒங்கட அம்மா வெங்காயம் உரிப்பாங்களா?" சிரித்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெப். 21, சனி. எத்தாளை

கண்டுபிடித்துவிட்டேன்!!

விடிய அஞ்சரை. வலை இழுக்கும் நேரம். எங்கள் ஊரில் எஞ்சின் பிடியில் ஒரு பைப் துண்டைச் செருகி, நின்றபடி இடது முழங்காலால் தள்ளி ஓட்டுவோம். இரண்டு கையும் வலைக்கு வேண்டுமே. பக்க அலை ஒன்று அடித்து போட்டின் முன்பக்கம் இடது பக்கம் போனது. நான் யோசிக்கவே இல்லை. இடது கால் பைப்பை இடது பக்கம் தள்ளியது. போட் வலது பக்கம் திரும்பி நேரானது.

அப்படியே நின்றுவிட்டேன்.

போட்டில் பிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் திரும்பும். இடது பக்கம் இழுத்தால் இடது கால். அதுதான் சரி. விமானத்தில் அதே கால் சாவு. ஐந்து வருடம், கிழமைக்கு ஆறு நாள், இந்தக் காலுக்கு நானே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது மறக்குமா?

நிச்சயப்படுத்த வேண்டுமென்று பைப்பை விட்டுப் பார்த்தேன். போட் இடது பக்கம் சுழன்றது. அப்பா கத்தினார்:
"என்னடி செய்யிறாய்! வலை எஞ்சினுக்குள்ள போகுது!"
மறுபடியும் கால் தானாக இடது பக்கம். பெரிதாகச் சிரித்தேன். அப்பா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

எனக்குக் கால் வராதா, கெப்டன்? வருகிறது. வேறு வாகனத்துக்கு வருகிறது.

பெப். 22, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் சொன்னேன். "அப்பா, இனி நான் எஞ்சினில நிக்கமாட்டன். கால் மாறிப் போகுது." இரண்டு கரண்டியை வைத்து விளக்கிக் காட்டினேன்.

அவர் கரண்டியைப் பார்க்கவில்லை. "இப்ப என்ர போட்டிலதான் பிழையோ? அஞ்சு வருசம் சோறு போட்ட போட்."
"போட்டில பிழையில்லை. என்ர காலில."
"எவ்வளவு நாளைக்கு?"
"செக் முடியுமட்டும்" என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பொய் சொல்லப் பிடிக்கவில்லை. "எப்பவுந்தான்" என்றேன்.

கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். தட்டில் பாதிச் சோறு. பஸ்ஸுக்கு வழியனுப்பவும் வரவில்லை. என்னைச் சுயநலக்காரி என்று நினைக்கிறார். ஓம், சுயநலந்தான். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பாதிச் சோற்றை நான்தான் மூடி வைத்தேன்.

பெப். 24, செவ்வாய். சிலாபம்

மாமி வீட்டு முற்றம். பிளாஸ்டிக் கதிரை, காலடியில் இரண்டு செங்கல். வகுப்பு முடிந்து என்னோடு வந்த ரிஸ்வான் பின்னால் நின்று, சொல்லாமல் கொள்ளாமல் கதிரையை இடதோ வலதோ திருப்புவான். நான் எதிர்ப்பக்கக் கல்லை மிதிக்க வேண்டும். மாமி தையல் மெசினில் இருந்தபடி பிழையை எண்ணினா. முதல் நூறில் முப்பத்தொன்று.

"ஒங்கட காலு ரெண்டும் ஒண்டுக்கொண்டு கோவம் போல" என்றான்.

பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா (அம்மணி) மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிள்ளைக்கு வாதமா என்று மாமியிடம் கேட்டா. மாமி: "நே (இல்லை), நோனா. பைலட்." நோனா இன்னும் கூடப் பயந்துவிட்டா.

அம்மா போனில்: அப்பா நேற்றுத் தனியாகப் போய் அரை வலையோடு திரும்பினாராம். தோளுக்கு எண்ணெய் போட்டுப் படுத்திருக்கிறார். பேசக் கேட்டேன். "நித்திரை" என்றா. பின்னால் அவர் இருமுவது கேட்டது.

கெப்டனுக்குக் காரணத்தைச் சொல்வதா? ரிஸ்வான் சொல்லச் சொல்கிறான். முடியாது. சாட்டுச் சொல்கிறாய் என்பார். காலைத் திருத்திவிட்டுப் போகிறேன், வாய் தேவையில்லை.

பெப். 26, வியாழன்

நூறில் பிழை இல்லை. பிறகு இன்னொரு நூறு. அதிலும் இல்லை. கால் பெருவிரலில் இரத்தம் கட்டியிருக்கிறது. நாளைக்கு: லைசன்ஸ், அடையாள அட்டை, கறுப்புச் சப்பாத்து, பிஸ்கட்.

பயம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் நானே நம்ப மாட்டேன்.

பெப். 27, வெள்ளி

வெயில். எட்டரைக்கு உள்ளே.

முதலாவது, இடது எஞ்சின். மூக்கு இடது பக்கம் இழுத்தது. வலது கால் போனது. நான் அனுப்பவில்லை, தானாகப் போனது. விமானம் நேராக ஏறியது. பக்கத்தில் ரிஸ்வான் மூச்சு விட்டது காதுக்குள் கேட்டது.

இரண்டாவது, வலது எஞ்சின். இந்தக் கிழமை முழுக்க நான் அடக்கி வைத்திருந்த அதே இடது கால்தான் இப்போது வேண்டும். கெப்டன் கெட்டிக்காரர், வேண்டுமென்றே வைத்தார். வந்தது.

ஒரே எஞ்சினில் மூடுபனியில் இறக்கம். சரி.

முடிந்தது என்று பட்டியைக் கழற்றப் போனேன். "இன்னும் ஒன்று" என்றார். பட்டியலில் இல்லாதது. திரும்பவும் இடது எஞ்சின், இம்முறை பலத்த பக்கக்காற்றோடு. "எத்தனை வேணுமென்றாலும் தாங்க, சேர்" என்றேன். திமிர்தான். அதிலும் கால் பிழை விடவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பாஸ். வாழ்த்து ஒன்றும் இல்லை. "ஒரு கிழமையில் என்ன மாற்றினாய்?" என்று மட்டும் கேட்டார்.
"ஒரு வேலையை விட்டேன், சேர்."
விளங்கவில்லை அவருக்கு. நான் விளக்கவும் இல்லை.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் அடித்தேன். அம்மா கத்தின கத்தில் காது அடைத்தது. பிறகு போன் கை மாறியது. ஞாயிற்றுக்குப் பிறகு முதல் தரம் அப்பாவின் குரல்.

"முடிஞ்சுதோ?"
"முடிஞ்சுது அப்பா. பாஸ்."
 போனோடு முற்றத்துக்குப் போயிருப்பார், காற்றுச் சத்தம்.
"நாளையில இருந்து எஞ்சினுக்கு சேவியர் வாறான். நான் கதைச்சிட்டன்."
"நான் சும்மா உங்களோட..."
"நீ வராத. வந்தாலும் ஏத்தமாட்டன்."

சரி அப்பா என்றேன். போனில் சனி விடியக்கால அலாரத்தை அழித்தேன்.