நேராக்கி வைத்த ஸ்ட்ரிப்

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மலைப் பக்கம் முழுவதும் மழை முகில். அதற்குள்ளிருந்து ஒரு விமானம் இறங்கும் சத்தம் வந்தது. அது ஓய்வதற்குள் வடக்கே இன்னொன்று. பிழிந்த சேலையோடு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு சத்தமும் தனித்தனியாக விலகிப் போகும்வரை காது கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னங்க, பேயக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?" என்றார். பேயாக இருந்தால் பரவாயில்லையே!

நீ இறந்த நாற்பதாம் நாள் உனக்காக ஓதிய கத்தம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. உன் உம்மா பரிமாறிய சோற்றை அழாமல் சாப்பிட்டு முடித்தேன், அதுவே பெரிய காரியம். இன்றோடு என் லீவு முடிகிறது. நாளை விமான நிலையத்துக்குப் போய், ராடார் திரைக்கு முன்னால் அந்தக் கதிரையில் உட்கார வேண்டும். பயமாக இருக்கிறது. இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். நான் பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, நீ பாலத்தடிக் கடைக்காரர் மகள். வேலைக்குப் போகக் கண்டியில் பஸ் ஏறினால் பிலிமத்தலாவை வருமுன் என் தோளில் தூங்கிவிடுவாய். அந்தத் தூக்கத்தைப் பார்க்கும் யாரும், இவள் கையில் ஆயிரம் உயிர் இருக்கிறது என்று நம்பமாட்டார்கள். இறங்க வரும் விமானங்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் பிரித்து வைப்பதுதான் நம் வேலை. உயரத்தில் ஆயிரம் அடி, அல்லது பக்கவாட்டில் ஐந்து மைல். இரண்டில் ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும்.

அந்த அறையின் பழக்கங்கள் உனக்குத் தெரியாதவை அல்ல. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் என் பிழை முழுதாகத் தெரியும். ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் விவரம் எழுதிய ஒரு நீளமான காகித ஸ்ட்ரிப், தட்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக. ஏதாவது வேலை பாக்கி இருந்தால் அந்த ஸ்ட்ரிப்பைக் கொஞ்சம் சாய்த்து வைப்போம். சாய்ந்திருந்தால் யோசிக்காமல் அந்த விமானத்துக்கு எதுவும் சொல்லக் கூடாது. இன்னொரு பழக்கம், கதிரையைக் கைமாற்றியவர் உடனே போகக் கூடாது. சில நிமிடம் பின்னால் நிற்க வேண்டும்.

என் பிழை நடந்த அன்று காலை பத்து மணிக்கு நீ எழுந்தாய், நான் உட்கார்ந்தேன். ஒரு விமானம் கிழக்கிலிருந்து மலைகளுக்கு மேலால் ஒன்பதாயிரம் அடியில் வந்துகொண்டிருந்தது. வடக்கிலிருந்து வந்தது பத்தாயிரத்தில். இரண்டின் பாதையும் குறுக்கே வெட்டும். "மற்றது கடக்குமட்டும் இத இறக்காத" என்று வடக்கு விமானத்தின் சாய்ந்த ஸ்ட்ரிப்பைக் காட்டினாய். நான் தலையாட்டினேன். கேட்டது, விளங்கியது.

பிறகு என் கை அதை நேராக்கியது.

சாய்ந்த எதைக் கண்டாலும் என் கை சும்மா இருக்காது. உன் வீட்டுச் சுவரில் கலண்டரை நான் நேராக்கும்போதெல்லாம் நீ சிரித்திருக்கிறாய். அன்று ஐந்தாறு விமானிகள் மாறி மாறிப் பேசினார்கள், மழையைச் சுற்றிப் போக வழி கேட்டார்கள். அதற்கிடையில் வடக்கு விமானம் இறங்கக் கேட்டது. குனிந்து பார்த்தேன். ஸ்ட்ரிப் நேராக இருந்தது. ஏழாயிரத்துக்கு இறங்கச் சொல்லிவிட்டேன்.

"அல்லாவே! நிப்பாட்டு புள்ள, திருப்பு!"

பின்னால் நீ. பை தோளில் இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகியும் போகாமல் நின்றிருந்தாய். நீ மைக்கைப் பிடுங்கவில்லை. என் தோளை அழுத்தி, "சொல்லு, இடப்பக்கம்" என்றாய். சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. திரையில் இரண்டு புள்ளிகளும் ஒட்டுவதுபோல வந்து, மெல்ல விலகின. உயரத்தில் நானூறு அடி, பக்கவாட்டில் இரண்டு மைல்கூட இல்லை. உள்ளே இருந்தவர்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்திருப்பார்கள், சப்பாத்து மாட்டியிருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

உடனே என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். நம் இருவரையும் நடந்ததைத் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார்கள்.

இனி வருவது உனக்குத் தெரியாது.

விமானிகளோடு பேசுவது பதிவாகும். நாம் கதிரையைக் கைமாற்றும்போது பேசியது அன்று எங்கேயும் பதிவாகவில்லை. எழுதுவதற்கு என்னை உட்காரவைத்த சின்ன அறையில் இருந்துகொண்டு அதைத்தான் யோசித்தேன். லைசன்ஸ் போய்விடும். பன்விலவில் அப்பா ஊரெல்லாம் பெருமை பேசுகிறார், அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கைமாற்றும்போது வடக்கு விமானத்தைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்று எழுதினேன். ஸ்ட்ரிப் நேராகத்தான் இருந்தது என்றும் எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கோப்பை பிளேன்ரீயோடு வந்தாய்.

"நான் எழுதிக் குடுத்திட்டன். ரெண்டு தரம் சொல்லியிருக்கோணும், ஒரு தரந்தான் நான் சொன்ன. நீ திருப்பிச் சொல்லுமட்டும் நிண்டிருக்கோணும். அது என்ட பிழை. அதையும் நான் எழுதின. நீ எழுதினியா?"

தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். "பிழையா எழுதிட்டேன், வேற எழுதணும்" என்றேன். அது மட்டும் பொய்யில்லை. நீ போன பிறகு உண்மையை எழுதினேன். என்னைப் பல வாரம் வேலையிலிருந்து நிறுத்தி, மறுபடி பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்துத்தான் உட்காரவிட்டார்கள். மறுபடி உட்காருவதற்கு முந்திய நாள் உன்னிடம் அழுதேன். "பயம் இல்லாட்டி அந்தக் கதிரையில இரிக்க வாணாம்" என்றாய். விமானத்துக்குத்தான் பயப்படுகிறேன் என்று நினைத்தாய்.

உன் கடைசி நாட்களில் கண்டி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் மூன்று மாலை இருந்தேன். மூன்று மாலையும் சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தேன். சாகக் கிடந்தவளுக்குப் பயந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்தத் தாளை அன்றே கிழித்தேன். கையெழுத்துப் போட்ட கை இருக்கிறது. நாளைக்கு ஒருவர் எழுந்து எனக்கு இடம் தருவார், பின்னால் நின்று பார்ப்பார், நல்ல மனுஷி என்று நம்பிக் கதவைச் சாத்திவிட்டுப் போவார். அவர் போன பிறகு, காப்பாற்றியவளையே காட்டிக்கொடுக்கத் துணிந்த, எனக்குள் இருக்கும் அவளோடு நான் தனியாக இருப்பேன். அவளைத் தெரிந்தவர்கள் இப்போது இருவர், நானும் நீயும். எனக்குப் பயமாக இருக்கிறது புள்ள.