கேப்டன் தலையிட வேண்டாம் என்றார்

மார்ச் 7, சனி

காலையிலிருந்து பனிமூட்டம், மத்தியானம் தூறல். சீருடை காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை கிளினிக்கில் புகை நாற்றத்தோடு நிற்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது: எடைத் தராசுக்குப் புதுக் கயிறு. சத்துமா வந்ததா என்று கேட்க. செருப்பு தைக்க.

6.30க்கு டிவியில் விண்வெளித் தொடர். டப்பிங் தமிழ் வழக்கம்போல மேடைப் பேச்சு. இந்த வாரம் ஒரு கிரகம். அங்குள்ளவர்களுக்கு அவர்களின் மூன்றாவது நிலாதான் சாமி. வியாதி வந்தவர்களைக் கல் மண்டபத்தில் கிடத்திவிடுகிறார்கள். அந்த நிலா மூன்று முறை உதிக்கும்வரை மருந்து கிடையாது, யாரும் தொடவும் கூடாது. கப்பலில் இருந்து போன டாக்டரம்மா ஒளிந்து நின்று பார்க்கிறாள். மருந்து அவள் பையிலேயே இருக்கிறது. கேப்டன் விடவில்லை. "இவர்களின் நம்பிக்கையில் தலையிட நமக்கு அதிகாரம் இல்லை, டாக்டர்." கப்பலின் முதல் சட்டமே அதுவாம். டாக்டரம்மா மூக்கைச் சிந்தி அழுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுது என்ன, சட்டம் சட்டம்தானே.

இந்தச் சட்டத்தைப் போன வருஷம் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். திருவிழாவில் காய்ச்சலோடு தீ மிதிக்கப் போனவனை ஒரு மிட்வைஃப் தடுத்தாள், நான்தான். அதற்குக் கிடைத்த மரியாதை: மேலிடத்துக்கு மனு, அடுத்த வெள்ளி கோயில் முற்றத்தில் தாம்பாளத்தோடு நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்பு. "ஊசி போடுறது ஒங்க வேல மிஸ், சாமி விசயத்துல கை வைக்காதீங்க." கோயில் தலைவர் சொன்னது. முன்வரிசையில் நின்று குலவை போட்டவள் மேல் லயத்து வரிசை வீட்டுப் பாக்கியம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

தொடர் பாதியில் நின்றது. மீதி அடுத்த சனிக்கிழமை.

மார்ச் 9, திங்கள்

கிளினிக். வரவேண்டிய கர்ப்பிணிகள் பதினொருவர். ரேவதி மட்டும் வரவில்லை. பாக்கியத்தின் மருமகள், ஏழு மாதம். "மேல் லயத்துல ஆத்தா வந்திருக்கா மிஸ்" என்றாள் ஒருத்தி, குரலைத் தாழ்த்தி.

மூன்று மணிக்குப் போனேன். வாசலில் வேப்பிலை. இந்தக் குளிரில் வேப்பமரம் ஏது, கீழே இருந்து பஸ்ஸில் வரவழைத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்க இருநூறு படி ஏறியாயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். போன வருஷம் படித்த பாடம். அம்மை எனக்குச் சின்ன வயதிலேயே போட்டுவிட்டது, பயமில்லை.

ரேவதி பாயில். முகம், கழுத்து, வயிறு எல்லாம் கொப்புளம். மூன்றாவது நாள். இருமல். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். புருஷன் சுரேஷ் கொழும்பில் கடையில் வேலை. அவனுக்குச் சொல்லவில்லையாம், வெளியிலிருந்து வந்தால் தீட்டாம், வரக் கூடாதாம்.

பாக்கியம் பக்கத்தில் வந்து நின்றாள். "வந்துட்டீங்களா மிஸ். ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வேப்பிலைக் கொத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பாக்கியம் என் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

"எப்ப தண்ணி ஊத்துறது?" என்று மட்டும் கேட்டேன்.

"மொத தண்ணி வெள்ளிக்கெழம மிஸ். மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் மாத்திர மருந்து ஒன்னும் ஆகாது." சொல்லிவிட்டு நின்றாள். ஏதோ மிச்சம் வைத்த மாதிரி.

அங்கே மூன்று நிலா, இங்கே மூன்று தண்ணீர். இறங்கி வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். புறப்படும்போது அவர்கள் கதவோரம் ஒரு சீலைப் பை முடிந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். உறவு வீட்டுக்குப் போகிறார்களாக்கும்.

தராசுக் கயிறு கிடைத்தது. செருப்பு மறந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

வெயில், அதிசயம். சீருடை காய்ந்தது.

போக வேண்டியதில்லை. போனேன். ஏன் என்று தெரியும்: பாக்கியம் தவிப்பதைப் பார்க்க. பொய் எழுத இந்தப் புத்தகம் எதற்கு.

ரேவதியின் மூச்சை நிமிடத்துக்கு எண்ணினேன். 34. உதட்டோரம் லேசாக நீலம். வயிற்றில் பிள்ளையோடு அம்மை நெஞ்சுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். இந்த லயத்திலேயே அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

"மிஸ், ஏதாச்சும் சொல்லுங்க" என்றாள் பாக்கியம். கும்பிட்ட கையை இறக்கவில்லை.

"நான் என்னத்த சொல்றது பாக்கியம். ஆத்தா விசயம். நான் கை வைக்கக் கூடாதுன்னு நீங்க எல்லாருந்தானே சொன்னீங்க."

ரேவதி பாயிலிருந்து, "தண்ணி வேணும் மிஸ்" என்றாள். மாமியாரைக் கேட்காமல் என்னைக் கேட்டாள். செம்பை எடுத்துப் பாக்கியத்தின் கையில் கொடுத்தேன். நான் கொடுத்தால் குற்றம் அல்லவா.

படி இறங்கும்போது கால் லேசாக இருந்தது. இன்றைக்குக் கேப்டன் நான்.

இரவுக்குக் கத்தரிக்காய்க் கறி. உப்பு கூடிவிட்டது.

மார்ச் 11, புதன்

நாள் முழுக்க மழை. மேலே போகவில்லை. வழுக்கும் என்பது ஒரு காரணம்.

கள வருகைப் புத்தகத்தில் ரேவதியின் பக்கம் எழுதினேன். "உடனடியாக வைத்தியசாலை செல்ல அறிவுரை வழங்கப்பட்டது. மாமியார் மறுத்துவிட்டார்." நல்ல கையெழுத்து. கீழே வீட்டாரின் ஒப்பத்துக்கு ஒரு கோடு. அது காலி. பிறகு பார்க்கலாம்.

இதைச் சொல்லியிருந்தாலும் அவள் மறுத்திருப்பாள். ஆகவே பொய் இல்லை.

மார்ச் 12, வியாழன்

காலை பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆள் கூடும் நேரம். தோட்டத்து லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு இறங்கியது. பின்னால் கம்பளி. கம்பளிக்குள் ரேவதி. மூச்சு நின்றுவிடும் போலானதும் லயத்து ஆட்கள் தூக்கி ஏற்றினார்களாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், தேயிலை வளைவுகள் முடியுமுன்பே போய்விட்டாள். பிள்ளையும் இல்லை.

டிரைவர் என்னிடம் சொன்னான்: "கடேசி வரைக்கும் 'மிஸ் வர்றாங்களா'ன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு."

தேநீர் போட்டேன். குடிக்கவில்லை. மறுபடி போட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

அடக்கம். தேயிலைக்கு மேலே, சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில். சுரேஷ் கொழும்பிலிருந்து வந்திருந்தான், மூன்று பஸ் மாறி. என் காலில் விழப் போனான். "ரெண்டு தடவ வந்து பாத்தீங்களாமே மிஸ். அம்மா சொன்னாங்க." இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இன்றுதான் ரேவதிக்கு முதலாம் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள்.

மேலதிகாரி ஃபோனில். சிங்களத்தில் ஒரே கேள்வி: ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதாக எழுதியிருக்கிறதா? இருக்கிறது என்றேன். வீட்டார் ஒப்பம்? அதுவும் இருக்கிறது என்றேன். திங்கட்கிழமை புத்தகத்தோடு வரச் சொன்னார்.

பயமாக இருக்கிறது. துக்கம் இல்லை, பயம். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரிகிறது, அதுதான் அசிங்கம்.

மார்ச் 14, சனி

பனிமூட்டம். செருப்பு தைத்தாயிற்று.

நான்கு மணிக்குப் புத்தகத்தோடு மேல் லயம். வாசலில் வேப்பிலை காய்ந்து சுருண்டிருந்தது. பாக்கியம் மட்டும் உள்ளே. கதவோரம் அதே பை. மடியில் எடுத்து வைத்து முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு சீத்தைத் துணி, துவாய், சவர்க்காரம், பிள்ளைக்குத் தைத்த சட்டை இரண்டு, கிளினிக் கார்டு.

"ஆஸ்பத்திரிக்குக் கட்டுனது மிஸ். நீங்க மொத நா வந்தீங்கள்ல, அன்னிக்கிக் காலையிலயே கட்டிட்டேன்."

"அப்ப ஏன் அன்னிக்கே போகல?"

"நானா எப்புடி மிஸ் அனுப்புவேன்? வீட்டுக்கு வந்த ஆத்தாவ நான் வெரட்டுனா குத்தம் எங்க வீட்டுக்கு. வெளி ஆளு, கவுர்மெண்டு ஆளு சத்தம் போட்டு இழுத்துக்கிட்டுப் போனா எங்க மேல குத்தமில்ல. எங்க வீட்டுக்காரருக்கு வந்தப்பவும் அப்புடித்தான், பழைய மிஸ் கத்திக் கூப்பாடு போட்டு லொறியில ஏத்துனாங்க. நாங்க அழுதோம், மண்ண வாரித் தூத்துனோம். அவரு பொழச்சு வந்தாரு." கண்ணைத் துடைத்தாள். "அதுக்குத்தானே மிஸ் நீங்க இருக்கீங்க. திட்டு வாங்குறது ஒங்க வேலதானே."

போன வருஷக் குலவையும் அப்படித்தானா என்று கேட்கவில்லை.

"நீங்க வேப்பிலைய எடுத்துக் கண்ணுல ஒத்துனீங்க. சரி, மிஸ்ஸுக்கே பயமில்லேன்னா இது கொணமாயிரும்னு நெனச்சுக்கிட்டேன். செவ்வாக்கெழம கும்புட்டுக் கேட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேன்."

என்மேல் கோபம் இல்லை அவளுக்கு. தேடிப் பார்த்தேன், கண்ணில், வாயில். இல்லவே இல்லை. தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டாள்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். புதன்கிழமைப் பக்கம்.

"இதுல என்ன மிஸ் எழுதியிருக்கு?"

"நான் வந்து பாத்தேன்னு எழுதியிருக்கு."

"ஆமா, ரெண்டு வாட்டி வந்தீங்க."

பேனையைக் கையில் கொடுத்துக் கோட்டைக் காட்டினேன். "இங்க போடுங்க பாக்கியம்."

உடனே போட்டாள். நெற்றியில் வியர்வை, ஒவ்வொரு எழுத்தாக, கோணலாக, பெயர் முழுவதும். போட்டுவிட்டு, "சரியா மிஸ்?" என்று கேட்டாள்.

சரி என்றேன்.

6.30. மீதிப் பாகம் இன்றைக்கு. கரண்ட் இருக்கிறது. டிவியைப் போடவில்லை. அந்தக் கையெழுத்து காய்ந்து இரண்டு மணி நேரம் ஆகிறது, பக்கத்தை மூட முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.