அரை லோடுக்குத் தார்ப்பாய்

என் செல்ல வாயாடி, என் நாத்தனார் ஸ்டெல்லாவுக்கு,

மீஞ்சூரில் இந்த வாரம் நல்ல பனி. விடிகாலையில் மொட்டை மாடிக்குப் போனால் வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் அடிப்பாதியைக் காணோம். மேல்பாதி மட்டும் வானத்தில் நிற்கிறது. நீ இருந்தால் அதற்கும் ஒரு கதை கட்டியிருப்பாய். நான் காயாத துணியைத் திருப்பிப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுகிறேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோயில் மலரில் போட நாலு வரி எழுதிக்கொடு என்றார் உன் அண்ணன். உன்னை நாலு வரியில் அடக்க முடியுமா? கடிதமாகவே எழுதுகிறேன் என்றேன். "எழுது. ஊரே படிக்கட்டும். அப்பவாவது எவனாவது வந்து உன்னத் தடுப்பான்" என்றார்.

ஏன் தடுக்க வேண்டுமாம்? நான் கிளம்புகிறேன், ஸ்டெல்லா. பழவேற்காட்டிலிருந்து வேளாங்கண்ணி வரை, கடலோரமாகவே, நாம் இருவரும் போட்ட அதே திட்டம். தனியாக.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நானும் இவளும் எட்டு வருஷம் கூட்டத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்தவர்கள். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்துவிட்ட இவள்தான் ஒருநாள் சொன்னாள், "மைக் செட்டும் கொறட்டையும் போதும் அண்ணி. கடல பாத்துகினே போலாம். நீயும் நானும் மட்டும்." கடலோரம் என்றால் மண்டபமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. தூங்கும் இடத்தை முதுகில் சுமந்துதான் போக வேண்டும். எதைச் சுமப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடாவிட்டால்தானே அதிசயம்? ஆனால் நாம் நகைக்கும் நிலத்துக்குமா அடித்துக்கொண்டோம்! உனக்குத் தார்ப்பாய், எனக்குக் கூடாரம். மூன்று மாதம், சோறு ஆறிப்போகிற அளவுக்கு.

"தார்ப்பாய் போதும் அண்ணி. சுத்தியும் தொறந்து இருக்கணும். எவன் வரான்னு நமக்குத் தெரியணும்" என்பாய்.

"நாம உள்ள கீறோம்னு எவனுக்கும் தெரியக் கூடாதுடி. கதவு வோணும், ஜிப்பு வோணும்" என்பேன் நான்.

விளையாட்டாகப் பேசினாலும் இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். பயத்தைக் கண் திறந்து பார்க்க வேண்டும் என்றாய் நீ. கதவைச் சாத்திக்கொண்டால் போதும் என்றேன் நான். யார் சொன்னது சரி? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் நீ வேலை செய்த இடம் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற பட்டறை. அதனால் உனக்கு எல்லாமே லாரிக் கணக்குதான். நம் இருவரையும் மாடித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து அளந்தாயே, நினைவிருக்கிறதா? "லோடு ரெண்டு. ஒண்ணு ஓவர் லோடு" என்று என் வயிற்றில் தட்டினாய். பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று முடிவு செய்தாய். எங்கிருந்தோ மெல்லிசான பாராசூட் துணி வாங்கி வந்து, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தாய். மூன்று ஓரம் மடித்தாயிற்று, நாலாவது பாக்கி. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், மூன்றே நாள் காய்ச்சலில், அந்த நாலாவது ஓரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நான் அந்தத் துணியைக் கேட்கப் பட்டறைப் பக்கம் போகவே இல்லை. கோழை என்று வைத்துக்கொள்.

இப்போதும் வேலை முடிந்து திரும்பும் மாலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். அடுத்த நொடி கடற்கரை. ஈர மணல், அலை, தலைக்கு மேல் துணி மெல்ல அடித்துக்கொள்கிற சத்தம், பக்கத்தில் நீ பேசிக்கொண்டே இருக்கிறாய். என்ன பேசுகிறாய் என்று காது கொடுத்தால் சரியாகக் கேட்பதில்லை, ஆனால் உன் குரல்தான். கண்ணைத் திறந்தால் மீஞ்சூர் தாண்டி அத்திப்பட்டு வந்திருக்கும். இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை இறங்கித் திரும்பி வந்தேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கனவோடு கனவாக ஒரு கூடாரமும் வரவழைத்தேன். ஆமாம், என் கட்சிக் கூடாரம்தான். ஒற்றைத் துணியால் ஆனது. உள்துணி, வெளித்துணி என்று இரண்டு கிடையாது. ஊன்றி நடக்கிற கோலையே நடுவில் நிறுத்தினால் எழுந்து நின்றுவிடும். கதவும் உண்டு, ஜிப்பும் உண்டு. பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் திருப்பி அனுப்பலாம். எடை பார்க்க மார்க்கெட்டுக்கு எடுத்துப்போய்க் காய்கறிக்காரர் தராசில் வைத்தேன். ஒன்றேகால் கிலோ. "இன்னாக்கா, துணிய கிலோ கணக்குல விக்க வந்துட்டியா?" என்று கேட்டார். ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாடியில் அதைப் போட்டுப் படுத்துப் பார்த்தேன். உன் அண்ணன் படியிலேயே நின்று கத்தினார்: "ஊட்ல கட்டில் கீது, மெத்தை கீது. நீ மாடியில கொட்டா போட்டுகினு கீற. அக்கம்பக்கத்துல நான் இன்னா சொல்றது? பேஜாரா கீதுடி உன்னோட!" ஜிப்பை இழுத்துவிட்டேன். அவர் சத்தம் பாதியாகக் குறைந்தது. அப்பாடா, நான் சொன்னதுதான் சரி என்று உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

விடிந்து கண் திறந்தால், சுவரெல்லாம் தண்ணீர். மழை இல்லை. மூச்சு வெளியே போக வழியில்லாமல் துணியில் பட்டு முத்து முத்தாக நிற்கிறது. வெளுக்கத் தொடங்கிய வானம் அந்தத் துளிகளில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. ஒருத்தி மூச்சுக்கு இவ்வளவு தண்ணீரா? எனக்குத் தூக்கம் முழுசாகத் தெளியவில்லை. இரண்டு பேர் விட்ட மூச்சு என்றே நம்பிவிட்டேன். எழுந்தால் துளி உதிர்ந்துவிடும் என்று அசையாமல், உன் பக்கம் திரும்பாமல், வெயில் வரும்வரை கிடந்தேன்.

அப்புறம் வெளியே காலடி கேட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன், ஸ்டெல்லா. யார் என்று பார்க்க வழியில்லை; நாலு பக்கமும் ஈரத் துணி. ஜிப் அவசரத்தில் சிக்கிக்கொண்டது. கடைசியில் பார்த்தால் உன் அண்ணன், கையில் டீ. என் வீட்டு மாடியிலேயே இந்தக் கதி என்றால் கடலோரத்தில்? நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வேலை முடிந்து பட்டறைக்குப் போனேன். துணி வெட்டுகிற வசந்தா அக்கா உன் தார்ப்பாயை அலமாரியின் மேல்தட்டிலேயே மடித்து வைத்திருந்தார். உன் சாக்கட்டிக் கோடு அழியவில்லை. யார் வந்தாலும் கேட்கிற அதே கேள்வியை, பழக்கதோஷத்தில் என்னிடமும் கேட்டுவிட்டார்.

"லோடு இன்னாம்மா?"

எத்தனை பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள், அவர்களிடமெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னேன். இந்த ஒரு கேள்விக்குத்தான் உடைந்துபோனேன். "ஒண்ணுதான்க்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். கொஞ்சம் தெளிந்ததும், "எனக்கு மட்டும் போதுற மாதிரி வெட்டிக் குடுத்துடுக்கா. சொமக்கவும் லேசாயிடும்" என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"அரை லோடு வந்தா எவனாவது தார்ப்பாய வெட்டுவானா? மிச்சத்த அடியில மடிச்சு உட்டுக் கட்டுவான். வெட்டிட்டு அப்பறம் ஒட்டவா முடியும்? படு அப்டியே."

பட்டறைத் தரையில் படுத்தேன். அக்கா ஒரு பக்கத்தை என் முதுகுக்குக் கீழே நாலு அடி மடித்துவிட்டார். மீதியை இரண்டு கோலில் தூக்கி மறுபக்கம் இறக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்து முடிச்சுப் போட்டார். கீழே தரைவிரிப்பு, இடது பக்கம் ஒரு சுவர், வலது பக்கம் ஒரு சுவர். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மிஞ்சியதை உள்ளே மடக்கினால் அங்கும் பாதிக்கு மேல் அடைந்துவிடுகிறது. மூச்சு வெளியேற ஒரு சாண் சந்து விட்டால் போதும். ஒரே முடிச்சு, அதை இழுத்தால் ஒரு பக்கச் சுவர் முழுசாகத் திறந்துவிடும். படுத்தபடியே எவன் வருகிறான் என்று பார்க்கலாம்.

அக்காவே அந்த நாலாவது ஓரத்தையும் அடித்துக் கொடுத்தார். உன் தையல் மாதிரி வரவில்லை என்று இரண்டு முறை சொன்னார். தராசில் முக்கால் கிலோ. கூடாரத்தை இன்று காலை திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன் கட்சியும் ஜெயித்தது, என் கட்சியும் ஜெயித்தது என்று உன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சுவர் உன் பங்குத் துணி. நீ வந்திருந்தால் பத்துக்குப் பன்னிரண்டும் நம் தலைக்கு மேலேயே தீர்ந்திருக்கும். சுவருக்கு ஒரு சாண்கூட மிஞ்சியிருக்காது. கதவு வேண்டும், ஜிப்பு வேண்டும் என்று உன்னிடம் அப்படி மல்லுக்கு நின்றேனே. எனக்கு இந்தச் சுவர் வேண்டாம், ஸ்டெல்லா. நீ பக்கத்தில் இருந்தால் நான் வெட்டவெளியில் தூங்கியிருப்பேன்.

ஆனால் போவேன். பொங்கல் கழிந்ததும் பழவேற்காட்டு மணலில் முதல் முடிச்சைப் போடுவேன். ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் முதல் வேலையாக உன் பக்கத்துச் சுவரை அவிழ்த்துக் கடலைப் பார்ப்பேன். வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை ஒரு நாளும் தவறாது. அதை வெட்டவும் யாரையும் விடமாட்டேன்; ஃபுல் லோடு அளவிலேயே இருக்கட்டும்.

உன் பங்கையும் சேர்த்துச் சுமந்து நடக்கப்போகும்
உன் ஓவர் லோடு அண்ணி,
ரோஸி