எமதூதன் உடுப்புக்குக் கறுப்புச் சாயம்

24.2.1999 புதன்

காலையிலிருந்து தூறல். நமுனுகுல மலை கண்ணிலேயே படவில்லை. பன்னிரண்டு மணிக்கே தேயிலைக் கொழுந்து பறிப்பதை நிறுத்தி எங்களை அனுப்பிவிட்டார்கள்.

செய்ய வேண்டியது: அண்டா கழுவ. உப்பு. பழைய அகப்பை. கையுறைக்கு எங்கே போவது, விடு.

தம்பி சந்திரனுக்கு இந்த வருஷக் காமன் கூத்தில் எமதூதன் வேஷம். கையில் காப்புக் கயிறு கட்டி ஆறு நாள். காமனை எரிக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. பண்டாரவளைக் கடை வேலைக்கும் போகவில்லை. உடுப்பு கறுப்பாக இருக்க வேண்டுமாம். இருப்பது கடையில் கொடுத்த பழைய மஞ்சள் சட்டை, மஞ்சள் கால்சட்டை. கறுப்பாக்கும் வேலை என் தலையில்.

நேற்றே சாயப் பொடி இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். கடைக்காரர், "பருத்தித் துணி தானேம்மா? பொலியெஸ்டர் கலந்திருந்தா சரியாப் புடிக்காது" என்றார். ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கலப்புத் துணி என்று தெரிந்தேதான். என் அவசரப் புத்தி.

25 வியாழன்

கொஞ்சம் வெயில். தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி ஒன்றரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். துணியை உதறிப் போடாமல் முறுக்கிப் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் கறுப்பு இல்லை. பாசிப் பச்சை. முறுக்கின இடமெல்லாம் திட்டுத் திட்டு. தையல் நூல் மட்டும் அப்படியே மஞ்சள்.

கொடியில் போட்டேன். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பரா மாரியாயி அக்கா நின்று பார்த்தாள். "என்னா புள்ள, ஆமி உடுப்பு மாதிரி இருக்கு? எடுத்து உள்ள போடு." கேலி பேசுகிற அக்கா. இன்று சிரிக்கவில்லை.

இந்த மாதிரி உடுப்பு வீட்டில் இருந்தாலே புலி என்று பிடித்துப் போகிற காலம். என் கை இரண்டும் மணிக்கட்டுவரை கறுப்பு. துணிக்குப் பிடிக்காதது எனக்குப் பிடித்திருக்கிறது.

26 வெள்ளி

எரித்துவிடலாம் என்றேன். கூத்து மாஸ்டர் ராமையா மாமா விடவில்லை. "சாமி உடுப்பும்மா அது. காமனுக்கு முந்தி எதையும் எரிக்கக் கூடாது. இன்னொருக்கா சாயத்துல போடு, சரியாப் போயிரும்." போட்டேன். பச்சை இன்னும் கெட்டியானதுதான் கண்ட பலன். அரைப் பாக்கெட் மிச்சம்.

கேட்டது: தோட்டத்துக் கீழ்ப் பிரிவுக்கு நேற்று பொலிஸ் ஜீப் வந்ததாம். இரண்டு பேரை விசாரித்தார்களாம்.

சந்திரனிடம், எல்லவில் சின்னம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இரு என்றேன். "காப்பு கட்டியிருக்கேன்க்கா. எல்லையத் தாண்டுனா தோட்டத்துக்கே ஆகாது." தோட்டம் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. கத்திவிட்டேன். அவன் சிரிக்கிறான்.

ஈர உடுப்பைச் சுருட்டிப் பரணில், விறகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

28 ஞாயிறு

கை எரிகிறது. எழுத்து கோணல்.

காலை ஏழு மணிக்குப் பொலிஸ்காரர்கள் லயத்தைச் சுற்றி வளைத்தார்கள். எங்கள் காம்பராவுக்குள் இரண்டு பேர். பெட்டி, பாய், அரிசி டின் எல்லாம் பார்த்தார்கள். போய்விடுவார்கள் என்றுதான் இருந்தேன். பரணிலிருந்து சுவரில் சாயத் தண்ணீர் வழிந்த கோடு. எப்போது வழிந்ததோ. நான் பார்க்கவில்லை, அவர்கள் பார்த்தார்கள். கொடியில் கிடந்திருந்தால் கூத்து உடுப்பு என்று சொல்லியிருக்கலாம். ஒளித்து வைத்ததற்கு என்ன சொல்வது?

"இது கலர் போட்டது யாரு?"

என் கை முந்தானைக்குள். சந்திரன் முந்திக்கொண்டான். "நான்தான் சார். கூத்துக்கு." ஜீப்பில் ஏற்றினார்கள். காப்புக் கயிறோடு எல்லை தாண்டிப் போனான்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவேயில்லை.

மாரியாயி அக்கா: "கையக் கழுவு புள்ள. ஒன்னையும் ஏத்திட்டுப் போயிருவாங்க." சாயங்காலம்வரை தேசிக்காய்ச் சாறு, பிளீச்சிங் பவுடர், தேங்காய் நார். தோல் உரிந்தது. கறுப்பு போய்விட்டது.

மார்ச் 1 திங்கள்

மூடுபனி. வேலைக்குப் போகவில்லை. உலை வைக்கவில்லை.

ராமையா மாமா பதுளைப் பொலிசுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். இருக்கிறான். முகம் வீங்கியிருக்கிறதாம். "சாயம் போட்டேங்குற, கை ஏன்டா சுத்தமா இருக்கு, யாரை மறைக்கிறன்னு கேக்குறாங்களாம்மா. அவன் ஒம்பேரச் சொல்ல மாட்டேங்குறான். நாளைக்குள்ள சொல்லலேன்னா கொழும்புக்கு அனுப்பிருவாங்களாம். நீ வந்து ஒங் கையக் காட்டு. வேஷத்துக்குப் போட்டதுன்னு நானும் சொல்றேன்."

கையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து போனார்.

2 செவ்வாய்

இன்று காமன் எரிக்கிற நாள். தப்பு மேளச் சத்தம் இல்லை.

விடிந்ததும் அண்டாவை ஏற்றினேன். மிச்சமிருந்த அரைப் பாக்கெட், ஒரு பிடி உப்பு. மாரியாயி அக்கா எட்டிப் பார்த்தாள். "துணியே இல்லாம என்னாத்த அவிக்கிற?"

பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டேன். உரிந்த இடமெல்லாம் எரிகிறது. நூறு எண்ணி எடுத்தேன். போதவில்லை. மறுபடி விட்டேன். நகத்துக்குள் எல்லாம் நன்றாகப் பிடித்துவிட்டது. எழுதுகிற இந்தப் பக்கத்திலும் கறை.

ராமையா மாமா ரோட்டில் நிற்கிறார். பதுளை பஸ் ஏழரைக்கு. முந்தானையை இடுப்பில் செருகிவிட்டேன்.