நடுவில் ஒரு கோடு

திருவண்ணாமலை,
டிசம்பர் 2004

அன்புள்ள மாமாவுக்கு,

எழில் வணக்கத்துடன் எழுதுவது. நானும் நம் பெண் மதியும் நலம். மஸ்கட்டில் உங்கள் இருமல் நின்றதா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

தீபத்துக்கு ஊரில் நிற்க இடமில்லை. நம் லாட்ஜில் மட்டும் பாதி அறைகள் காலி. காரணம் புரியாமல் இருந்தேன். தீபத்தன்று காலை பெங்களூரிலிருந்து வயதான கணவனும் மனைவியும் வந்தார்கள். இன்டர்நெட்டில் மலைவாசல் லாட்ஜ் என்று பார்த்துப் பணம் கட்டியவர்களை, யாரோ ஒருவன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறான். கக்கூஸில் தண்ணீர் இல்லை. மெத்தையில் எவனோ எடுத்த வாந்தி. விசாரித்துக்கொண்டு நம்மிடம் வந்து, அந்த அம்மா ஒரு காகிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்தது. அதில் நம் வாசல் படம். மதி கோலம் போடுகிறாள். "பெத்த பொண்ணக் காட்டி ஆள் புடிக்கிறியே, த்தூ"னு சொன்னார்.

காகிதத்தில் இருந்த இன்டர்நெட் முகவரியில் கோடு இல்லை மாமா. நம்முடையதில் மலை, வாசல் என்ற இரண்டு வார்த்தைக்கும் நடுவில் சின்னக் கோடு உண்டு. "கோடு போட்டாதான் அண்ணி ரெண்டு வார்த்தையும் தனியா தெரியும்"னு வைக்கச் சொன்னது உங்கள் தம்பி சகாதேவன்தான். போனில் கேட்பவர்களிடம் நடுவில் கோடு, கோடு என்று தொண்டை வறளச் சொல்கிறேன். அடிக்கும்போது யாரும் அதைப் போடுவதில்லை. போடாதவர்கள் போய் விழுகிற அந்தக் கோடில்லாத பெயரையும் அவனே வாங்கி, நம் படங்களைப் போட்டு, தன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறான். கமிஷன் தருகிற பொந்துக்கெல்லாம் ஜனங்களை அனுப்புகிறான்.

அவனுடைய பிரவுசிங் சென்டருக்குப் போனேன். போண்டா தின்றுகொண்டிருந்தான். "கோடு இல்லாத பேரு உங்களுதா? மொதல்ல வாங்கினவனுக்குத்தான் சொந்தம்"னு சிரித்தான். குழந்தை படத்தையாவது எடுடா என்றேன். எண்ணெய் விரலை நக்கிக்கொண்டே, "பாப்பா படத்தப் பாத்துதான் ஜாஸ்தி பேரு வர்றாங்க அண்ணி"ங்கிறான். அவன் சட்டையைத் தொடக்கூடக் கூசியது.

நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். சாயங்காலமே சகாதேவன் மதி படத்தை நீக்கிவிட்டான். பெயர் அவனிடமேதான் இருக்கிறது. பெங்களூர்க்காரர்களை நம் அறையிலேயே தங்க வைத்தேன். கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இனி சகாதேவன் நம் வாசற்படி மிதிக்கக் கூடாது.

ஒன்றை எழுத மனமில்லாமல் எழுதுகிறேன். அன்று அவன் சென்டரிலிருந்து நான் எழுந்து வரும்போது அவன், "அண்ணனுக்குத் தெரியாம நான் எதுவும் செய்யல"ன்னான். அதற்குமேல் கேட்காமல் படியிறங்கிவிட்டேன்.

அண்ணாமலையார் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். அவன் சொன்னது பொய் என்று உங்கள் கைப்பட ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள் மாமா. வேறெதுவும் வேண்டாம்.

உங்கள்
எழில்